விமானச் சத்தத்துக்கும் சான்றிதழ் உண்டு. குடியிருப்பாளர்களுக்கு அது போதுமா?

பாயான் லெப்பாஸ், ஆக. - பாயான் லெப்பாஸ் வட்டாரக் குடியிருப்பாளர்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. அங்கு 1935 முதல் விமான நிலையம் இயங்கி வருகிறது. ஆண்டுக்கு 65 லட்சம் பயணிகளுக்கென அமைந்த பினாங்கு அனைத்துலக விமான நிலையத்தை, 1 கோடியே 20 லட்சம் பேருக்கு ஏற்ப விரிவாக்குவதே இப்போதைய திட்டம். அப்படியானால் சத்தமும் புகையும் கூடுமா? அவற்றுக்கு வரம்பு விதிப்பது யார்?

அனைத்துலகப் பொது வான்போக்குவரத்து நிறுவனமான ‘இக்காவ்’ இதற்கு விதிகள் வகுத்துள்ளது. சிகாகோ ஒப்பந்தத்தின் 16ஆவது இணைப்பில் அவை இடம்பெற்றுள்ளன.

ஒரு புதிய ரக விமானத்தின் சத்தம் மூன்று இடங்களில் அளக்கப்படுகிறது. புறப்படும்போது ஓடுபாதையின் பக்கவாட்டில் 450 மீட்டர் தள்ளி ஓரிடம். ஓடத் தொடங்கிய இடத்திலிருந்து 6.5 கிலோமீட்டரில் இன்னோரிடம். தரையிறங்கும்போது ஓடுபாதை முனைக்கு 2 கிலோமீட்டர் முன்னால் மூன்றாவது இடம். 2017 இறுதி முதல் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் பெரிய விமான ரகங்கள், மூன்று அளவுகளையும் கூட்டினால், முந்தைய வரம்பைவிட 7 டெசிபல் குறைவாக இருக்க வேண்டும்.

புகைக்கு, இயந்திரம் சோதனைக் கூடத்தில் இயக்கிப் பார்க்கப்படுகிறது. 3,000 அடி உயரத்துக்குக் கீழே நடக்கும் ஏற்றம், இறக்கம், தரையில் ஊர்ந்து செல்லுதல் ஆகியவையே கணக்கு. ஊர்ந்து செல்வதற்கு மட்டும் 26 நிமிடம் ஒதுக்கப்படுகிறது. நைட்ரஜன் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, எரியாத எரிபொருள், கரித்துகள் ஆகியவற்றுக்கு வரம்பு உண்டு. கரியமில வாயுவுக்கான தனி விதி 2017இல் ஏற்கப்பட்டது.

ஆனால், ஒன்றை மறக்கக்கூடாது. புஸ்பாகோம் சோதனையில் லோரி தேறிவிட்டது என்பதால், நம் வீட்டு வாசலில் இரவில் எத்தனை லோரிகள் ஓடும் என்பது தெரிந்துவிடாது. விமானச் சான்றிதழும் அப்படித்தான். அது ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனி வரம்பு. மொத்த எண்ணிக்கைக்கு அல்ல. விமானம் அமைதியானாலும் பயணங்கள் பெருகினால், குடியிருப்பாளர்களின் தூக்கம் கெடவே செய்யும்.

இதனால்தான் சான்றிதழோடு நில்லாமல், நிலப் பயன்பாட்டுத் திட்டம், சத்தம் குறைக்கும் பறப்பு முறை, தேவைப்பட்டால் நேரக் கட்டுப்பாடு ஆகியவையும் வேண்டும் என இக்காவ் வலியுறுத்துகிறது. எனவே வீடு வாங்குவோர், முன்பணம் கட்டுமுன் அது விமானப் பாதைக்குக் கீழே உள்ளதா எனப் பார்ப்பது நல்லது. இரவு நேரப் பயணங்கள் எத்தனை, சத்தம் எங்கே அளக்கப்படுகிறது என்று கேட்கும் உரிமை அங்கு ஏற்கெனவே குடியிருப்போருக்கு உண்டு. விரிவாக்கம் முடிந்த பிறகு கேட்பதைவிட, இப்போதே கேட்பது மேல்.