பகல் 12 மணியோடு கெடு! 1,580 ரோல் பிலிம் கழுவ அப்பா பணத்தைக் கடன் வாங்கிய ரெயில்வே தொழிலாளி

வீட்டு பீரோவின் மேல்தட்டில், பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே, கழுவாத கலர் பிலிம் ரோல் ஏதாவது கிடக்கிறதா? "அப்புறம் கழுவிக்கலாம்" என்று போட்டது, அப்படியே வருஷக்கணக்காகத் தூங்குகிறதா?

அப்படியானால் அமெரிக்காவில் 2010-ம் ஆண்டு கடைசியில் நடந்த இந்தச் சம்பவத்தை அவசியம் படியுங்கள்.

சின்ன ஊரில் பெரிய கூட்டம்

அமெரிக்காவின் நட்டநடுவே கன்சாஸ் மாநிலம். அதன் தென்கிழக்கு மூலையில் பார்சன்ஸ் என்று ஒரு சின்ன ஊர். ஜனத்தொகை சுமார் 10 ஆயிரம்தான். அந்த ஊரில் "டுவேன்ஸ் போட்டோ" என்று ஒரு குடும்பம் நடத்தும் போட்டோ லேப்.

2010 டிசம்பர் மாதம் அந்த லேப்புக்குப் பார்சல் பார்சலாகப் பிலிம் ரோல்கள் வந்து குவிந்தன. பல நாடுகளில் இருந்தும் வந்தன. தபாலை நம்பாதவர்கள் நேரிலேயே வந்து இறங்கினார்கள்.

காரணம், லேப் விதித்த கெடு. "டிசம்பர் 30-ந் தேதி பகல் 12 மணிக்குள் வந்து சேரும் கோடாக்குரோம் ரோல்களை மட்டுமே கழுவுவோம். அதற்குப் பிறகு வந்தால் கிடையாது" என்று சொல்லிவிட்டார்கள்.

அங்கே இல்லை என்றால் வேறு லேப்புக்குப் போகலாமே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். கோடாக்குரோம் பிலிமைக் கழுவ உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஒரே ஒரு லேப்தான்!

எல்லாம் ரெயில் படம்

ஆர்கன்சாஸ் மாநிலத்தில் இருந்து ஒரு ரெயில்வே தொழிலாளி கார் ஓட்டிக்கொண்டு வந்தார். அவர் கழுவக் கொடுத்திருந்தது ஒன்றல்ல, பத்தல்ல. 1,580 ரோல்! அதற்கு ஆன செலவு 15 ஆயிரத்து 798 டாலர். ரோலுக்குக் கிட்டத்தட்ட 10 டாலர்.

அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? அப்பாவின் ஓய்வுக்காலச் சேமிப்பில் இருந்து கடன் வாங்கினார்.

அத்தனை ரோலிலும் என்ன படம்? கல்யாணமா, காதுகுத்தா? ஒன்றும் இல்லை. எல்லாம் ரெயில் படம்! ரோலுக்கு 36 படம் என்று வைத்துக்கொண்டாலும் 56 ஆயிரத்துக்கு மேல் ரெயில் படம்.

அதே நாட்களில் லண்டனில் இருந்து ஒரு கலைஞர் விமானம் ஏறி வந்தார். அமெரிக்காவுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. கையில் மூன்று ரோல். கெடு முடிவதற்குள் அங்கேயே இன்னும் ஐந்து ரோல் எடுத்துக் கழுவக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவரது திட்டம்.

ஒரு பிலிமுக்காக இவ்வளவு பாடா? அந்தப் பிலிமின் சங்கதி அப்படி.

இருட்டறையில் விசில்

கோடாக்குரோமைக் கண்டுபிடித்தவர்கள் விஞ்ஞானிகள் அல்ல, சங்கீதக்காரர்கள். ஒருவர் பியானோ வாசிப்பவர், லியோபோல்டு மேனஸ். இன்னொருவர் வயலின் வாசிப்பவர், லியோபோல்டு காடோவ்ஸ்கி. இரண்டு பேர் முதல் பெயரும் ஒன்றுதான்.

பள்ளிக்கூட நாட்களில், 1917-ம் ஆண்டு, இருவரும் ஒரு கலர் சினிமா பார்க்கப் போனார்கள். கலர் படுமோசம். "இதைவிட நாமே நன்றாகச் செய்யலாம்" என்று ஆரம்பித்தவர்கள்தான். 1930-ல் கோடாக் கம்பெனி அவர்களை அழைத்துக்கொண்டது.

கலர் பிலிம் எந்த வெளிச்சம் பட்டாலும் கெட்டுவிடும். ஆகவே கும்மிருட்டில்தான் வேலை. கடிகாரம் பார்க்க முடியாது. மருந்தில் எத்தனை விநாடி ஊறியது என்று எப்படித் தெரியும்? இருவரும் பிராம்ஸ் என்ற ஜெர்மன் இசை மேதையின் இசையை விசிலடித்தார்கள். விநாடிக்கு இரண்டு தாளம். விசில்தான் கடிகாரம்!

1935-ல் கோடாக்குரோம் சினிமா பிலிமாக விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு சாதாரண கேமராவுக்கும் வந்தது. இருவர் பெயரையும் சுருக்கி, "கோடாக்குரோமை உண்டாக்கியது காடும் மேனும்" என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். "காட்" என்றால் கடவுள், "மேன்" என்றால் மனிதன்.

ஜனாதிபதி கொலைக்குச் சாட்சி

1963 நவம்பர் 22. அமெரிக்க ஜனாதிபதி கென்னடி டல்லாஸ் நகரில் திறந்த காரில் போய்க்கொண்டிருந்தார். துணி தயாரிக்கும் வியாபாரியான ஆபிரகாம் சப்ரூடர் தன் கைக்கேமராவில் ஊர்வலத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். டுமீல்! ஜனாதிபதி சரிந்தார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

சப்ரூடர் கேமராவில் இருந்தது கோடாக்குரோம். அன்றைக்கே டல்லாஸில் இருந்த கோடாக் லேப்பில் அதைக் கழுவி எடுத்தார்கள். சுமார் 26 விநாடி ஓடும் அந்தப் படம்தான் கொலை விசாரணையில் முக்கிய சாட்சி ஆனது.

1953-ல் எவரெஸ்ட் உச்சியில் டென்சிங் கொடி பிடித்து நிற்கும் படம் ஞாபகம் இருக்கிறதா? ஹில்லாரி எடுத்த அந்தப் படமும் கோடாக்குரோம்தான். 1985-ல் "நேஷனல் ஜியாகிரபிக்" பத்திரிகை அட்டையில் வந்த பச்சைக் கண் ஆப்கான் சிறுமி படமும் அதே பிலிம். எடுத்தவர் ஸ்டீவ் மெக்கரி.

கலர் எங்கே இருக்கிறது?

கேமராவில் பட்டனை அமுக்கியதும் படம் விழுந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். விழுவது கண்ணுக்குத் தெரியாத தடம் மட்டுமே. திருடன் விட்டுப்போன கைரேகை மாதிரி. போலீசார் பவுடர் தூவினால்தான் ரேகை தெரியும். பிலிமை மருந்தில் கழுவினால்தான் படம் தெரியும்.

மற்ற கலர் பிலிம்களில், கலர் உண்டாக்கும் பொருள் பிலிமுக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். சரியான மருந்து பட்டதும் கலர் தானாகப் பிறக்கும். கோடாக்குரோமில் அந்தப் பொருள் கிடையாது. அது உண்மையில் மூன்று அடுக்கு கறுப்பு வெள்ளைப் பிலிம். கலர் முழுவதையும் லேப்பில்தான் ஏற்ற வேண்டும்.

அந்த வேலை லேசானது அல்ல. முதலில் முதுகுப்பக்கத்துக் கரிப்பூச்சை நீக்க வேண்டும். பிறகு முதல் மருந்து. பிறகு அடிப்பக்கம் இருந்து சிவப்பு விளக்கு காட்டி நீலப்பச்சைச் சாயம். மேல்பக்கம் இருந்து நீல விளக்கு காட்டி மஞ்சள் சாயம். கடைசியாக மெஜந்தா என்னும் கருஞ்சிவப்புச் சாயம். நடுநடுவே தண்ணீரில் அலசல். அதற்குப் பிறகு வெள்ளியை எல்லாம் கரைத்து எடுத்தால் மிஞ்சுவது சுத்தமான கலர்.

மருந்தின் பதத்தைச் சோதிக்க ரசாயனம் தெரிந்த ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தெருமுனை ஸ்டூடியோவில் ஆகிற காரியமா இது? ஆனால் அப்படிக் கழுவிய படத்தை இருட்டில் பத்திரமாக வைத்தால் கலர் லேசில் போகாது. 1940-களில் எடுத்த படங்கள் இன்றும் பளிச்சென்று இருக்கின்றன.

கடைசி ரோல் இந்தியா வந்தது

டிஜிட்டல் கேமரா வந்தது. பிலிம் வியாபாரம் படுத்தது. கோடாக் விற்ற பிலிம்களில் கோடாக்குரோமின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை என்ற நிலை. 2009 ஜூன் 22-ந் தேதி "இனி தயாரிப்பு இல்லை" என்று கோடாக் அறிவித்தது.

ஆலையில் தயாரான கடைசி ரோலை ஸ்டீவ் மெக்கரியிடம் கொடுத்தார்கள். மொத்தம் 36 படம். அதற்கு மேல் ஒன்று கிடையாது. நியூயார்க்கில் நடிகர் ராபர்ட் டி நீரோவை எடுத்தார். பிறகு நேராக இந்தியா வந்தார். பம்பாய் சினிமா நட்சத்திரங்களையும், ராஜஸ்தானத்து ரபாரி மக்களையும் எடுத்தார். கடைசியில் பார்சன்ஸ் ஊருக்கே போய், அங்கே ரோலை முடித்து, 2010 ஜூலையில் தன் கையாலேயே லேப்பில் ஒப்படைத்தார்.

ஒரு காலத்தில் கோடாக்குரோம் கழுவ உலகம் முழுவதும் சுமார் 25 லேப்கள் இருந்தன. அமெரிக்காவில் கோடாக் நடத்திய லேப்கள் மூடின. சுவிட்சர்லாந்தில் மூடியது. ஜப்பானில் மூடியது. மிஞ்சியது பார்சன்ஸ்.

கோடாக் மருந்து தயாரிப்பதையும் நிறுத்தியதும் பார்சன்ஸ்காரர்களுக்கும் வழி இல்லை. டிசம்பர் 30 கெடு முடிந்தது. குவிந்து கிடந்த ரோல்களைக் கழுவி முடிக்க 2011 ஜனவரி ஆகிவிட்டது. கடைசி ரோல் லேப் முதலாளியுடையது. வீடு, குடும்பம், ஊர்க் கடைத்தெரு எல்லாம் எடுத்து, கடைசிப் படமாகத் தொழிலாளர்களை வாசலில் நிறுத்தி எடுத்தார். "கோடாக்குரோம் 1935-2010, ஓய்வு பெற்றது" என்று எழுதிய சட்டை அணிந்து நின்றார்கள் அவர்கள். கழுவும் எந்திரம் பழைய இரும்புக்குப் போயிற்று.

அதற்குப் பிறகும் கழுவாத கோடாக்குரோம் ரோல்கள் ஊர் ஊராகப் பெட்டிகளில் கிடைக்கின்றன. சில லேப்கள் அவற்றைக் கறுப்பு வெள்ளையாகக் கழுவித் தருகின்றன. கலர்? போனது போனதுதான்.

உங்கள் ரோல் தப்பிக்கும்

நம் வீடுகளில் கிடக்கும் கலர் ரோல்களுக்கு அந்தக் கதி இன்னும் வரவில்லை. 1980, 90-களில் ஸ்டூடியோக்களிலும் கடைகளிலும் வாங்கிய சாதாரண கலர் ரோல்கள் அனேகமாக "சி-41" வகை. 1972-ல் வந்த இந்த முறையில் கழுவுவது இன்றும் நடக்கிறது. நம் நாட்டுப் பெரிய நகரங்களில் சில லேப்கள் கூரியரில் வந்தாலும் கழுவித் தருகின்றன.

இதற்குத் தேவை 100 டிகிரி பாரன்ஹீட் சூடு. நம் பாஷையில் சொன்னால் லேசான காய்ச்சல் சூடு. முதல் மருந்தில் 3 நிமிஷம் 15 விநாடி. சூடு சற்று ஏறினாலோ இறங்கினாலோ கலர் மாறிவிடும். பிறகு வெள்ளியை வெளுத்து, கரைத்து, அலசிக் காயப் போட்டால் ஆரஞ்சு நிற நெகட்டிவ் தயார்.

ரோல் அகப்பட்டால் செய்ய வேண்டியது இதுதான்:

ரோல் கேமராவுக்குள்ளேயே இருந்தால் பின்கதவைத் திறக்காதீர்கள். பிலிமை முழுவதும் டப்பாவுக்குள் சுற்றிய பிறகே திறக்க வேண்டும். வெளியே கிடக்கும் ரோலின் நாக்கை இழுத்தும் பார்க்காதீர்கள். வெளிச்சம் பட்டால் அவ்வளவுதான்.

டப்பாவின் மேல் சி-41 என்று இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை வருஷத்துக்கு முன் எடுத்தது என்பதை லேப்காரரிடம் சொல்லுங்கள். கழுவிய பிறகு நெகட்டிவைக் கேட்டு வாங்குங்கள்.

தாமதம் செய்யச் செய்யத் தடம் மங்கும். நம் ஊர் வெயிலும் புழுக்கமும் அதை விரட்டி விரட்டி அழிக்கும். கலர் மாறும், புகை படிந்தாற்போல் ஆகும், பூஞ்சையும் பிடிக்கும். ஆனாலும் 20, 30 வருஷம் கழித்துக் கழுவிய ரோல்களில் முகங்கள் தெரிவது உண்டு. அந்த ரோலில் இருப்பது இன்று உயிரோடு இல்லாத தாத்தாவின் சிரிப்பாக இருக்கலாம்.

ஆர்கன்சாஸ்காரர் கடன் வாங்கி 1,580 ரோலைக் காப்பாற்றினார். உங்கள் பீரோவில் இருப்பது ஒன்றே ஒன்றாக இருக்கலாம். வீட்டுக்குப் போனதும் தேடிப் பாருங்கள்.