கோப்பைக்கு ஒரு சுருக்கெழுத்து

நம் பெரியவர்கள் பலர் தாதர் எக்ஸ்பிரஸில் வந்து பம்பாயில் இறங்கியபோது கையில் ஒரு டிரங்குப் பெட்டி, அதற்குள் இரண்டு சர்டிபிகேட். ஒன்று டைப்ரைட்டிங், மற்றொன்று ஷார்ட்ஹேண்ட். ஐசக் பிட்மன் 1837-இல் வகுத்துக் கொடுத்த கோடுகளும் புள்ளிகளும்தான் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டன. ஆகவே சுருக்கெழுத்து என்றால் நமக்கு ஒரு தனிப் பாசம் உண்டு.

இந்தக் கட்டுரையும் ஒரு சுருக்கெழுத்தைப் பற்றியதுதான். ஆனால் ஆபீஸ் சுருக்கெழுத்து அல்ல. ஒருவர் விஸ்கியை எப்படி, எவ்வளவு, யாரோடு குடிக்கிறார் என்பதை ஒரே வரியில் எழுதிவிடும் விளையாட்டுக் குறியீடு. குடும்பப் பத்திரிகையில் விஸ்கியா என்று முகம் சுளிக்க வேண்டாம். கடைசி வரை படித்துவிட்டு, பிறகு ஆசிரியருக்குக் கடிதம் எழுதுங்கள்.

சூரியனே மூன்று எழுத்து!

பெரிய விஷயத்தைச் சிறிய குறியில் அடைப்பது விஞ்ஞானிகளுக்குக் கைவந்த கலை. விண்மீன்களின் வெப்பத்தையும் ஒளியையும் வைத்து வகை பிரிக்கும் வானியலார், நம் சூரியனை ‘ஜி2வி’ என்று முடித்துவிடுகிறார்கள். அவ்வளவு பெரிய சூரியன் மூன்றே குறியில் அடக்கம்.

1993-இல் அமெரிக்காவில் ராபர்ட் ஹேடன் என்பவர் இந்த உத்தியை மனிதர்கள் மேல் பிரயோகித்தார். கம்ப்யூட்டர் பைத்தியங்கள் தம்மைத் தாமே வர்ணித்துக்கொள்ள ‘கீக் கோட்’ என்று ஒன்றை உண்டாக்கினார். ஒவ்வொரு விஷயத்துக்கும் ஓர் எழுத்து. பிடித்தால் பக்கத்தில் +, மிகவும் பிடித்தால் ++. பிடிக்காவிட்டால் -. அந்த விஷயம் தெரியவே தெரியாது என்றால் ஒரு கேள்விக்குறி. ‘அந்தப் பேச்சே வேண்டாம்’ என்றால் ஆச்சரியக்குறி. ‘இப்போது இப்படி இருக்கிறேன், அப்படி ஆக ஆசை’ என்றால் > என்ற குறி. இந்தக் கடைசிக் குறியை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

விஸ்கி ரசிகர்களும் இந்தப் பாணியைப் பிடித்துக்கொண்டார்கள். குறியீடு அவர்களுக்குப் புதிதல்ல. எடின்பரோவில் 1983-இல் தொடங்கிய ஸ்காட்ச் மால்ட் விஸ்கி சொசைட்டி, தன் பாட்டில்களில் வடிசாலையின் பெயரையே போடுவதில்லை. நடுவில் புள்ளி வைத்து இரண்டு எண்கள் மட்டும்: முதல் எண் எந்த வடிசாலை என்பதற்கு, அடுத்தது எந்தப் பீப்பாய் என்பதற்கு. பெயரைப் பார்த்து மயங்காமல் நாக்கை நம்பட்டும் என்பது எண்ணம்.

தமிழில் ஏழு எழுத்து

நம் ஊர்க்காரர்களுக்கும் இதில் சொந்தச் சுருக்கெழுத்து உண்டு. ‘குவார்ட்டர்’ என்றால் 180 மி.லி. ‘கட்டிங்’ என்றால் அதில் பாதி. புதிதாக மும்பை வந்த நம் பையன் ஒருவன், பட்டப்பகலில் ஆபீஸ் வாசலில் மேனேஜர் “கட்டிங் சாப்பிடலாமா?” என்று கேட்டதும் வெலவெலத்துப் போனான். இங்கே கட்டிங் என்பது அரை கிளாஸ் டீ என்று அவனுக்கு யார் சொல்வது?

இதோ, நண்பர்கள் சிலர் உட்கார்ந்து தமிழில் அமைத்த குறியீடு.

பு – புகை. முளைகட்டிய பார்லியை உலர்த்தும்போது பீட் என்னும் கரிமண்ணை எரித்தால் அந்தப் புகைவாசம் தானியத்தில் ஏறி, விஸ்கி வரை வந்துவிடும். இதைப் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு பீனால் என்று அளக்கிறார்கள். ஐலா தீவின் ஆர்ட்பெக் வடிசாலை வாங்கும் மால்ட்டில் இது சுமார் 55. சிலருக்கு அது ஹோமப்புகை, சிலருக்கு ஆஸ்பத்திரி வாசம். முதல் வகையினர் பு++, இரண்டாம் வகையினர் பு--.

ம – மரம். ஸ்காட்ச் என்ற பெயர் பெற, ஸ்காட்லாந்திலேயே ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டு கிடக்க வேண்டும். முன்பு அமெரிக்க பர்பன் இருந்த பீப்பாய் என்றால் வனிலா மணம், ஷெர்ரி ஒயின் இருந்தது என்றால் உலர்திராட்சை மணம். கிடக்கும்போது கொஞ்சம் ஆவியாகிவிடும். ‘தேவதைகளின் பங்கு’ என்று அதற்குப் பெயர். ஸ்காட்லாந்தில் தேவதைகள் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதத்தோடு திருப்தி அடைகிறார்கள். பெங்களூர் வெயிலில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்கிறார்கள்! பெங்களூரின் அம்ருத் நிறுவனம் தன் சிங்கிள் மால்ட்டை 2004-இல் கிளாஸ்கோவிலேயே கொண்டுபோய் அறிமுகப்படுத்தியது நமக்கெல்லாம் பெருமைதான். இந்த மர நுணுக்கமெல்லாம் பார்ப்பவர் ம++. பாட்டில் திறந்தால் சரி என்பவர் ம-.

த – தண்ணீர். ‘ராவாக’ அடிப்பவர் த--. சில துளி விடுபவர் த+. துளி விடுபவர் கோழை அல்ல. விஸ்கிக்குப் புகைமணம் தருகிற குவாயகால் என்ற பொருள், தண்ணீர் கலந்தால் திரவத்தின் மேற்பரப்புக்கு வந்து சேர்கிறது என்று 2017-இல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் கம்ப்யூட்டர் கணக்கில் காட்டினார்கள். மணம் மூக்குக்கு எட்டுவது அதனால்தான்.

வி – விலை. நம் நாட்டில் மலிவாகக் கிடைக்கும் விஸ்கிகளில் பலவற்றின் ஆதாரம் தானியம் அல்ல, கரும்பாலைக் கழிவான மொலாசஸ். ஐரோப்பாவில் அவற்றை விஸ்கி என்று விற்க முடியாது. அதைக் கவலைப்படாதவர் வி-. டூட்டி ஃப்ரீ கடையில் மட்டும் வாங்குவேன் என்பவர் வி++.

இதுவரை நாக்கு. இனி மூன்று எழுத்து, பழக்கம்.

அ – அளவு. ஒரு தடவை உட்கார்ந்தால் எவ்வளவு? அ- என்றால் ஒரு ஸ்மால், அதாவது 30 மி.லி. வெறும் அ என்றால் ஒரு லார்ஜ், 60 மி.லி. அ+ இரண்டு லார்ஜ். அ++ ஒரு குவார்ட்டரும் அதற்கு மேலும்.

நா – நாள். நா-- ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை. நா- மாதம் ஒன்றிரண்டு. நா வாரம் ஒன்று. நா+ வாரம் இரண்டு மூன்று. நா++ அநேகமாகத் தினம்.

து – துணை. நண்பர்கள் கூடினால் மட்டும் என்றால் து++. கதவைச் சாத்திக்கொண்டு தனியாக என்றால் து--.

ஆக, ‘பு- ம+ த+ வி அ- நா- து++’ என்று ஒருவர் எழுதினால், மாதம் ஒரு நாள் நண்பர்களோடு ஒரு ஸ்மால், சில துளி தண்ணீர், மணத்தை ரசித்துப் பேசிக்கொண்டே இருப்பவர் என்று அர்த்தம். மதுவைத் தொடாதவர் ‘வி!’ என்று மட்டும் எழுதிவிட்டுப் பஜ்ஜியில் கவனம் செலுத்தலாம்.

ஒரு சின்னக் கோடு

ஒரு சனிக்கிழமை மாலை நாலைந்து குடும்பங்கள் கூடியபோது இதை விளையாட்டாக ஆடினோம். ஆளுக்கொரு சீட்டு, பெயர் போடக் கூடாது, எழுதியவர் யார் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே சிரிப்பு. நான் இங்கே வேடிக்கை பார்த்தது என்னவென்றால், முதல் நாலு எழுத்துக்கு எல்லாரும் மடமடவென்று எழுதினார்கள். அடுத்த மூன்றுக்குப் பேனா தயங்கியது.

ஒரு நண்பர் நா- என்று எழுதியிருந்தார். காபி தம்ளர்களை எடுக்க வந்த அவர் மனைவி சீட்டை எட்டிப் பார்த்தார். “ஏங்க, மேட்ச் இருக்கிற நாளு, ஆபீஸ்ல டென்ஷனா இருந்த நாளு, இதெல்லாம் கணக்குல வராதா?” என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பேனாவை வாங்கி, அந்தக் கழித்தல் குறியின் நடுவில் செங்குத்தாக ஒரு சின்னக் கோடு போட்டார். அது கூட்டல் ஆகிவிட்டது. பக்கத்தில் இன்னொரு கூட்டலும் போட்டுவிட்டுப் போனார்.

யாரும் சிரிக்கவில்லை. நண்பர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கணக்குப் பார்க்கலாமா?

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் கணக்குப் போட்டேன். நம் நாட்டு விஸ்கியில் சாராயச் சத்து 42.8 சதவீதம். ஒரு லார்ஜில் அது ஏறத்தாழ 20 கிராம் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 10 கிராமைத்தான் ஒரு ‘அளவு’ என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே நாம் ‘ஒண்ணுதான் சாப்பிட்டேன்’ என்று சொல்லும் ஒரு லார்ஜ், கணக்குப்படி இரண்டு. கட்டிங் மூன்று. குவார்ட்டர் ஆறு. கல்லீரல் ஓர் அளவை அப்புறப்படுத்தச் சுமார் ஒரு மணி நேரம் எடுக்கும். ராத்திரி பன்னிரண்டுக்குக் குவார்ட்டர் முடித்தவருக்குக் காலை ஆறு மணிக்கும் முழுதாக இறங்கியிருக்காது. மோரும் எலுமிச்சம்பழமும் இந்தக் கணக்கை மாற்றாது.

மருத்துவர்களிடம் இதற்கு ஒரு சுருக்கெழுத்து இருக்கிறது. அமெரிக்க டாக்டர் ஜான் யூயிங் வகுத்து, 1984-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்டது. நாலே கேள்வி. முதல் எழுத்துக்களைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் ‘கேஜ்’, அதாவது கூண்டு. தமிழில் குறை, எரிச்சல், குற்றம், காலை என்று நினைவு வைத்துக்கொள்ளலாம்.

குறை: குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது உங்களுக்கே தோன்றியதுண்டா?

எரிச்சல்: உங்கள் குடியைப் பற்றிப் பிறர் குறை சொல்லி எரிச்சல் வந்ததுண்டா?

குற்றம்: குடித்ததற்காக மனம் உறுத்தியதுண்டா?

காலை: நடுக்கத்தையோ தலைபாரத்தையோ தணிக்கக் காலையில் எழுந்ததும் குடித்ததுண்டா?

இரண்டுக்கு ‘ஆம்’ என்றால் டாக்டரைப் பார்த்துப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. இது தீர்ப்பு அல்ல, எச்சரிக்கை மணி. இன்னொன்றும் முக்கியம்: பல காலம் தினமும் நிறையக் குடித்தவர் ரோஷத்தில் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்துவதையும் டாக்டர் துணையோடுதான் செய்ய வேண்டும். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணம் இல்லை. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, தமிழிலேயே மனம் விட்டுப் பேசச் சிகிச்சைக்கு இடம் தந்தது.

‘தினம் ஒரு ஸ்மால் இதயத்துக்கு நல்லது’ என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உடல்நலத்துக்குத் தீங்கில்லாத மது அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

வெளியூரில் நமக்கு இது கூடுதலாகப் பொருந்தும். சொந்த ஊரில் என்றால் ஒரு சித்தப்பாவோ மாமாவோ, “என்னடா, கண்ணு சிவந்திருக்கு?” என்று கேட்டுவிடுவார். இங்கே பிளாட் கதவைச் சாத்தினால் கேட்பதற்கு மனைவி மக்களைத் தவிர ஆள் இல்லை. அவர்கள் கேட்டால் எரிச்சல் வருகிறது. ‘கேஜ்’ பட்டியலில் இரண்டாவது கேள்வி அதுதானே?

அந்த நண்பரைப் பல மாதம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். டாக்டரிடம் போய்வருவதாகச் சொன்னார். பந்தியில் இலைக்கு முன் உட்கார்ந்ததும் பர்ஸிலிருந்து அந்தப் பழைய சீட்டை எடுத்துக் காட்டினார். மனைவி போட்ட ‘நா++’ அப்படியே இருந்தது. பக்கத்தில் அவர் கையெழுத்தில் புதிதாக இரண்டே குறி சேர்ந்திருந்தது: முதலில் >, அதன் பின் ஓர் ஆச்சரியக்குறி.

நீங்களும் ஒரு சீட்டு எழுதிப் பாருங்கள். எழுதியதை வீட்டில் ஒரு முறை காட்டுங்கள். பேனாவையும் கூடவே கொடுங்கள்.