மிஸ்ஸம்மா: ஒரு பொய்க் கல்யாணமும் ஒரு மச்சமும்

1955 ஜனவரி 12ஆம் தேதி தெலுங்கில் 'மிஸ்ஸம்மா' வெளியானது. இரண்டே நாள் கழித்து, பொங்கல் அன்று, தமிழில் 'மிஸ்ஸியம்மா'. இயக்குனர் எல்.வி. பிரசாத், தயாரிப்பு நாகி ரெட்டி - சக்ரபாணியின் விஜயா புரொடக்‌ஷன்ஸ். இன்றைக்கும் தெலுங்குக்காரர்களிடம் நல்ல காதல் நகைச்சுவைப் படம் எதுன்னு கேட்டால், பலர் முதலில் சொல்வது இதைத்தான். அந்தச் சிரிப்பு எப்படி உருவாகுது, கடைசியில் படம் எந்தக் கேள்வியிலிருந்து நழுவிப்போகுது என்பதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. படம் வந்து எழுபது வருஷம் ஆகிவிட்டதால் முடிவையும் சொல்லிவிடப் போகிறேன்.

கதையின் மூலம் வங்காளம். ரவீந்திரநாத் மைத்ரா எழுதிய 'மான்மயி கேர்ள்ஸ் ஸ்கூல்' என்ற நகைச்சுவை நாடகம். (தாகூர் இல்லை, இவர் வேறு ரவீந்திரநாத்.) இது சக்ரபாணியின் கையில் சிக்கியதில் ஆச்சரியம் இல்லை. அவர் வங்காளி கற்றுக்கொண்டு சரத் சந்திரரைத் தெலுங்குக்குக் கொண்டுவந்தவர். நாகி ரெட்டியும் அவரும் சேர்ந்து 1947ல் ஆரம்பித்ததுதான் 'சந்தமாமா', நம்ம ஊர் 'அம்புலிமாமா'.

கதையின் முடிச்சு ரொம்ப எளிமையானது. அப்பாபுரத்து ஜமீன்தார், காணாமல் போன தன் மூத்த மகள் மகாலட்சுமியின் பெயரில் ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறார். அதற்கு ஆசிரியர்கள் தேவை. நிபந்தனை: கணவன் மனைவியாக இருக்க வேண்டும், இருவரும் பட்டதாரியாக இருக்க வேண்டும். சென்னையில் எம்.டி. ராவ் (என்.டி. ராமாராவ்) வேலையில்லாமல் திரிகிறார். மேரிக்கு (சாவித்திரி) கடன். கடன் கொடுத்த டேவிட் கல்யாணம் பண்ணிக்கொள் என்று நெருக்குகிறான். ஆக, ராவும் மேரியும் கணவன் மனைவியாக நடித்து வேலைக்குப் போகிறார்கள். அவர் இந்து, அவள் கிறிஸ்தவள்.

இந்தப் பொய் எப்படி வேலை செய்யுதுன்னு கவனிச்சுப் பாருங்க. சாதாரண ஆள்மாறாட்டக் கதையில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம்தான் சிரிப்பைக் கொண்டுவரும். இங்கே அதைவிடப் பெரிய தொல்லை ஜமீன்தாரின் நல்ல மனசு. எஸ்.வி. ரங்காராவ் கத்தவே மாட்டார். இந்த இளம் ஜோடியைப் பெற்ற பிள்ளைகள் மாதிரி நடத்துவார். அவர் அன்பு காட்டக் காட்ட, பொய்யிலிருந்து வெளியே வருவது கஷ்டமாகிக்கொண்டே போகும். மேரிக்குப் பழக்கமில்லாத இந்து வீட்டு வழக்கங்களெல்லாம் பாசத்தின் பெயரில் அவளைத் தேடி வரும். முகம் சுளித்தால் வேலை போய்விடும். சுளிக்காமலும் இருக்க முடியாது.

அடுத்தது பொறாமை. ஜமீன்தாரின் இளைய மகள் சீதாவுக்கு (ஜமுனா) ராவ் பாட்டு சொல்லித் தருகிறார். மேரிக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உண்மையில் அவளுக்கு ராவ் மீது எந்த உரிமையும் கிடையாது. ஆனால் ஊர் கண்ணுக்கு அவள்தான் மனைவி, கோபப்பட முழு உரிமை உண்டு. வழக்கமா மனசு முதல்ல வரும், உரிமை பிறகு வரும். இங்கே உரிமை முதலில் வந்துவிட்டது, மனசு பின்னாலேயே ஓடி வருகிறது. படத்தின் பாதிச் சிரிப்பு இந்தத் தலைகீழ் வரிசையில்தான் இருக்கு.

மூன்றாவது, காணாமல் போன பெண்ணைத் தேடும் துப்பறிவாளர் ராஜு. கையில் இருக்கும் ஒரே துப்பு, அவள் வலது காலில் ஒரு மச்சம். பார்வையாளர்கள் நமக்கு யார் அந்தப் பெண் என்று சீக்கிரமே தெரிந்துவிடும். ராஜு மட்டும் ஊரெல்லாம் கால்களைப் பார்த்துக்கொண்டு திரிவார். தெலுங்கில் இந்த வேடம் அக்கினேனி நாகேஸ்வர ராவுக்கு. 1953ல் 'தேவதாசு'வில் ஊரையே அழவைத்தவர்! தமிழில் அதே வேடம் தங்கவேலுவுக்குப் போனது. 1957ல் ஏவிஎம் எடுத்த இந்தி 'மிஸ் மேரி'யில் கிஷோர் குமாருக்கு. தெலுங்கில் இரண்டு பெரிய நாயகர்கள், தமிழில் ஒரு நாயகனும் ஒரு நகைச்சுவை நடிகரும். அதனால் ராஜு - சீதா ஜோடியின் கனம் மொழிக்கு மொழி மாறுகிறது.

மேரியாக முதலில் நடித்தது பானுமதி. நான்கு ரீல் எடுத்த பிறகு சக்ரபாணிக்கும் அவருக்கும் மோதல் வந்து அவர் விலகினார். இரண்டாம் நாயகியாக இருந்த சாவித்திரி மேரியானார், சீதா வேடம் ஜமுனாவுக்குப் போனது. தமிழ்ப் பதிப்பில் இன்னொரு வேடிக்கை. கதாநாயகன் ஜெமினி கணேசன். அவரும் சாவித்திரியும் 1952லேயே ரகசியமாகத் திருமணம் செய்துகொண்டவர்கள். கல்யாணத்தை மறைத்து வைத்திருந்த இருவர், கல்யாணம் ஆனதாகப் பொய் சொல்லும் இருவராக நடித்திருக்கிறார்கள்.

இப்போது முடிவு. மேரிதான் மகாலட்சுமி. சின்ன வயதில் தொலைந்து கிறிஸ்தவத் தம்பதியிடம் வளர்ந்தவள். ஆகவே ராவை மணப்பதில் மதச் சிக்கலே இல்லை, சுபம். வெவ்வேறு மதத்தினர் தங்கள் மதத்தை விடாமலே பதிவுத் திருமணம் செய்துகொள்ள வழி செய்த சிறப்புத் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1955 ஜனவரி 1. படம் வந்தது பதினொரு நாள் கழித்து. சட்டம் கதவைத் திறந்து வைத்த அதே மாதத்தில், படம் ஒரு மச்சத்தைக் காட்டி அந்தக் கதவுக்கு அவசியமே இல்லாமல் செய்துவிட்டது.

இதைக் கோழைத்தனம்னு ஒரே வார்த்தையில் முடிக்க எனக்கு மனசில்லை. ராவுக்கு அவள் மேல் பிரியம் வந்தது அவள் மேரியாக இருந்தபோது. மச்சம் தெரிந்த பிறகு வந்த காதல் இல்லை அது. ஜமீன்தார் தம்பதியின் பாசமும் அப்படித்தான், ரத்தம் யார் என்று தெரியும் முன்பே வந்தது. அந்த இரண்டேகால் மணி நேரத்துக்கும் மேலான கதை சொல்வது ஒன்று, கடைசி சில நிமிடங்கள் சொல்வது வேறொன்று. கல்யாணப் பத்திரிகையில் எந்தப் பெயரைப் போட்டார்களோ தெரியாது. ஆனால் தெலுங்கு, தமிழ், இந்தி மூன்றிலும் படத்துக்கு மகாலட்சுமியின் பெயரை யாரும் வைக்கவில்லை. மூன்றிலும் தலைப்பில் நிற்பவள் அந்த மிஸ்ஸம்மாதான்.