ரோட்டரி என்கோடர் வாங்கப் போகிறீர்களா?

மவுஸ் சக்கரத்தை உருட்டினால் பக்கம் நகர்கிறது. அழுத்தினால் கிளிக் ஆகிறது. இதே வசதியை உங்கள் எலெக்ட்ரானிக்ஸ் புராஜெக்ட்டுக்குத் தருவதுதான் புஷ் சுவிட்சுடன் கூடிய ரோட்டரி என்கோடர். சுற்றினால் வால்யூம் மாறவும், அழுத்தினால் மியூட் ஆகவும் ஒரே குமிழ் போதும்.

பழைய மவுஸைப் பிரித்து எடுக்கலாமே என்கிறீர்களா? பெரும்பாலான மவுஸ்களில் சக்கரத்திற்கு ஒரு என்கோடர், கிளிக்கிற்குத் தனி சுவிட்ச் என்று இரண்டாக இருக்கும். எனவே புதிதாக வாங்குவதே நல்லது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் வாங்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

1. சுற்றிப் பாருங்கள். பார்க்க இதேபோல் இருக்கும் வால்யூம் கன்ட்ரோல் முக்கால் சுற்றில் நின்றுவிடும். என்கோடர் நிற்காமல் சுற்றும்.

2. பின்களை எண்ணுங்கள். இ.சி.11 வகையில் ஒரு பக்கம் மூன்று பின்கள். இவை சுற்றும் திசையைத் தெரிவிக்கும். எதிர்ப்பக்கம் உள்ள இரண்டும் சுவிட்சுக்கானவை. அந்த இரண்டும் இல்லையென்றால் அழுத்தும் வசதி இல்லாத மாடல். மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து இவ்விரண்டையும் தொடுங்கள். தண்டை அழுத்தும்போது மட்டும் பீப் ஒலிக்க வேண்டும்.

3. தண்டைப் பாருங்கள். பொதுவாக 6 மி.மீ. இருக்கும். ஒரு பக்கம் தட்டையாக வெட்டிய தண்டா, பல் வெட்டிய தண்டா என்று பார்த்து அதற்கேற்ற குமிழ் வாங்குங்கள்.

சால்டரிங் பழக்கம் இல்லையா? கே.ஒய்-040 மாட்யூலைக் கேளுங்கள். சிறிய போர்டில் என்கோடரைப் பொருத்தி, ஐந்து பின்களை வரிசையாகக் கொடுத்திருப்பார்கள். ஜம்பர் வயர் செருகி ஆர்டினோவுடன் இணைத்துவிடலாம்.