இருமுகக் காசு

இலண்டனிலிருந்து வந்த என் பழைய மாணாக்கர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்த காசொன்று என் மேசைமேற் கிடக்கின்றது. கட்டைவிரல் நகத்தினும் சற்றே பெரிது. வெள்ளிக்காசு என்பது பெயரளவே, செம்பே மிகுதி. எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா அக்கசாலையில் உரோமர் ஆட்சிக்காலத்தே அடிக்கப்பட்ட நான்கு திராக்மாக் காசு இது. ஒரு புறத்தே பேரரசன் அவுரேலியன். மறுபுறத்தே பல்மைரா நகரத்து இளங்கோ வாபல்லாத்து. காசு சேர்ப்போர் இவனை அரசு கவர்ந்தோர் வரிசையிலே வைப்பர்.

இருவர் பக்கத்தும் ஒவ்வொரு கிரேக்க எழுத்துத் தனித்து நின்றது: அங்கே அல்பா, இங்கே தெல்தா. அல்பாவை அவுரேலியன் பெயரின் முதலெழுத்தென்று வகுப்பிலே சொல்லிவிட்டேன். தெல்தாவுக்கோ வலிந்து பொருள் கண்டேன். பழைய உரைகளிற் பழகியோர்க்கு இது கைவந்த தொழில். பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, நம் ககரம் ஒன்றையும் சகரம் நான்கையும் குறிப்பதுபோல இவையும் எண்களாகலாமே?” என்றாள். நூலைப் புரட்டினேன். அவள் சொன்னதே சரி.

அஃதாவது, அவுரேலியனுக்கு முதலாம் ஆட்சியாண்டு. வாபல்லாத்துக்கு நான்காம் ஆட்சியாண்டு. உரோமரின் கிழக்கெல்லையைக் காத்த தந்தை ஓடனாத்து கி. பி. 267 அளவிற் கொலையுண்டபின், பாலனாகிய மைந்தன் பெயரால் தாய் செனோபியா ஆண்டாள். 270 இல் அவள் படை எகிப்தையும் கொண்டது. அவுரேலியன் அரசேறியதும் அவ்வாண்டே. கவர்ந்தவனென நாம் ஏசுபவன் ஆண்டுக்கணக்கிலே பேரரசனுக்கு மூத்தவன்! அன்றியும், இக்காசிலே அவன் பூண்ட பட்டங்கள் உரோமர் படைத்தலைவன் என்பன போன்றவையே. பேரரசர்க்குரிய ‘செபாசுதோசு’ என்னும் பட்டம் அவுரேலியன் பக்கத்தில் மட்டுமே உண்டு. இதனைப் பகைக்குறி என்பதிலும், உடன்பாடு வேண்டிய விண்ணப்பம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகின்றது. கரும்பலகையில் முன்பு எழுதியிருந்த ‘கலகக்காரன்’ என்னும் சொல்லை அழித்தேன்.

ஆயின், வாபல்லாத்தின் ஐந்தாம் ஆண்டுக் காசுகள் சிலவற்றில் அவுரேலியன் முகம் இல்லை. மைந்தன் செபாசுதோசு ஆகின்றான். தாயும் ‘செபாசுதே’ எனத் தன் பெயரிலேயே காசு அடிக்கின்றாள். விண்ணப்பம் செல்லாதொழிந்தது போலும். 272 இல் அவுரேலியன் படையொடு வந்து பல்மைராவைக் கைக்கொண்டான். எகிப்தும் மீண்டும் அவன் வசமாயிற்று.

செனோபியா பெயர் தாங்கிய அக்காசுகள் மிக அரியன. விலையோ ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாதது, படத்திலேயே கண்டேன். இலங்கை மண்ணிற் பெருந்தொகையாய்க் கிடைத்த உரோமச் செப்புக் காசுகளிடையே தேடியும் பயனில்லை. அவை பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டின.

சொல்லை அழித்த இடத்தில் எதை எழுதுவதென்று அம்மாணவி மறுநாட் கேட்டாள். நான்காம் ஆண்டுக்கு ஒரு சொல்லும் ஐந்தாம் ஆண்டுக்கு வேறொரு சொல்லும் தேடிவரச் சொல்லியிருக்கின்றேன்.