பாவையா? வீரனா? – மூன்று அமெரிக்கப் பொம்மை வரிசைகள்: ஓர் ஒப்பீடு

முன்னுரை

ஆண்பாற் பிள்ளைத்தமிழ் சிறுவனுக்குச் சிறுபறையும் சிறுதேரும் தருகின்றது; பெண்பாற் பிள்ளைத்தமிழ் சிறுமிக்கு அம்மானையும் ஊசலும் தருகின்றது. விளையாட்டிலும் பால் வகுக்கும் இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டிலும் 'பாவை சிறுமியர்க்கே உரியது' என்னும் எண்ணம் வேரூன்றி நின்றது. அவ்வெண்ணத்தைக் கடந்து சிறுவர் கையிலும் பாவையைச் சேர்ப்பதற்கென்றே ஒரு புதுப்பெயர் படைக்கப்பெற்றது. அதுவே 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்பது. செயல்வீரர் உருவம் என நாம் அதனைத் தமிழாக்கலாம். இப்பெயரால் வழங்கும் மூன்று புகழ்பெற்ற வரிசைகளை உருவம், இயக்கம், கதை என்னும் மூன்று கூறுகளால் ஒப்பிட்டுக் காண்போம்.

கதையின்றி வந்த வீரன்

1959இல் மேட்டல் நிறுவனம் பார்பி என்னும் பாவையை வெளியிட்டது. பாவையை ஒரு முறை வாங்குவோர் அதற்குரிய ஆடை அணிகளைப் பன்முறை வாங்குவர் என்பதே அவ்வணிகத்தின் நுட்பம். இந்நுட்பத்தையே ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1964இல் 'ஜி.ஐ. ஜோ' என்னும் போர்வீரனுக்குப் பொருத்தியது. சீருடையும் படைக்கலமும் தனித்தனியே விற்கப்பட்டன. ஆயின் 'பாவை' என்னும் சொல் மட்டும் அறவே தவிர்க்கப்பட்டது.

ஏறத்தாழ 12 அங்குல உயரமுடைய இவ்வீரனுக்கு அசையும் உறுப்புகள் 21 என விளம்பரம் கூறியது. நிற்கவும் மண்டியிடவும் குறிபார்க்கவும் அவனால் இயலும். மனித வடிவத்திற்கு எவரும் தனியுரிமை கோர இயலாது. ஆதலின் வலக்கன்னத்தில் ஒரு தழும்பு இடப்பெற்றது. அத்தழும்பே அவனுக்கு உரிமை முத்திரையாயிற்று.

அவனுக்கென வகுத்த கதை எதுவும் இல்லை என்பதை நாம் இங்குக் கருதுதல் வேண்டும். அவன் யார், எங்குச் செல்கிறான், யாரை எதிர்க்கிறான் என்பனவற்றை முடிவு செய்தவன் அவனைக் கையிலேந்திய சிறுவனே. வியட்நாம் போருக்கு எதிர்ப்பு வலுத்தபோது படைவீரனை விற்பது அரிதாயிற்று. 1970இல் அவன் துணிவுப் பயணம் மேற்கொள்ளும் குழுவினனாக மாற்றப்பட்டான். 1973இல் எண்ணெய் விலை உயர, பிளாஸ்டிக்கின் விலையும் உயர்ந்தது. பேருருவம் செய்தல் கட்டுப்படியாகாது போகவே, 1976இல் அம்முதல் வரிசை நின்றது.

திரை ஈன்ற சிற்றுருவம்

1977 மே மாதத்தில் 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படம் வெளிவந்தது. அதன் பொம்மை உரிமையை மீகோ முதலிய நிறுவனங்கள் மறுத்துவிட, சின்சினாட்டி நகரின் கென்னர் நிறுவனம் பெற்றது. படத்தின் பெருவெற்றியை எவரும் எதிர்நோக்கவில்லை; கிறிஸ்துமஸ் வந்தபோதும் பொம்மைகள் ஆயத்தமாகவில்லை. ஆகவே கென்னர் பொம்மையில்லாப் பெட்டியையே விற்றது. அதனுள் இருந்த சீட்டை அனுப்பினால், 1978இன் தொடக்கத்தில் நான்கு உருவங்கள் அஞ்சலில் வந்து சேரும்!

இவ்வுருவங்களின் உயரம் மூன்றே முக்கால் அங்குலம். இச்சிறுமைக்குக் காரணம் சிக்கனம் மட்டுமன்று. வீரன் சிறியவனாயின் அவன் ஏறும் விண்கலத்தையும் அவனுக்கு இயைந்த அளவில் செய்து விற்கலாம். 12 அங்குல வீரனுக்கு அத்தகைய கலம் செய்யின் அது வீட்டையே அடைத்துக்கொள்ளும். கழுத்து, இரு தோள், இரு தொடை என மூட்டுகள் ஐந்தாகக் குறைந்தன. மூட்டுகள் குறைந்த இடத்தைத் திரைக்கதை நிரப்பியது. நல்லவன் யார், தீயவன் யார் என்பது பெட்டியைத் திறக்கும் முன்னரே சிறுவனுக்குத் தெரிந்திருந்தது.

பொம்மைக்கெனப் பிறந்த கதை

ஸ்டார் வார்ஸ் உரிமையைக் கைவிட்டோருள் மேட்டலும் ஒன்று. அந்நிறுவனம் 1982இல் 'மாஸ்டர்ஸ் ஆஃப் தி யுனிவர்ஸ்' என்னும் வரிசையை வெளியிட்டது. ஐந்தரை அங்குல உயரமும் திரண்ட தசையும் உடைய ஹீ-மேன் அதன் தலைவன். இடையைத் திருகிவிட்டால் உள்ளிருக்கும் சுருள்வில்லின் விசையால் அவன் கை வீசித் தாக்கும்.

இங்குத் திரைப்படம் முன்னும் பொம்மை பின்னும் வரவில்லை. பொம்மையே முன்னர் வந்தது. அதனுடன் ஒரு சிறு படக்கதைப் புத்தகம் வைக்கப்பட்டது. 1983இல் ஃபில்மேஷன் நிறுவனத்தின் தொலைக்காட்சித் தொடர் தொடங்கி 130 பகுதிகள் ஒளிபரப்பாயிற்று. கதையே விளம்பரமாகவும் விளம்பரமே கதையாகவும் ஆயின. 1984இல் சிறுவர் நிகழ்ச்சிகளில் விளம்பரத்திற்கிருந்த வரம்புகளை அமெரிக்க அரசின் தகவல் தொடர்பு ஆணையம் நீக்கியது. பெற்றோர் குறை கூறினர். 1990இல் நாடாளுமன்றச் சட்டம் மீண்டும் நேர வரம்பு விதித்தது.

மூட்டுகள் குறையக் கதை மிகும் எனப் பொதுவிதி வகுத்தல் பொருந்துமா? முற்றும் பொருந்தாது. 1982இல் ஜி.ஐ. ஜோ மூன்றே முக்கால் அங்குலத்தில் மறுபிறவி எடுத்தபோது, மூட்டுகளும் பலவாயின. ஒவ்வொரு வீரனின் வரலாற்றைக் கூறும் அட்டையும் உடன் வந்தது. 1987இல் தொடங்கப்பெற்ற ஃபன்ஸ்கூல் நிறுவனம் இவ்வரிசையை இந்தியாவிலேயே செய்து விற்றமையால், நம் இல்லங்களிலும் இவ்வீரர் புகுந்தனர்.

வழக்கு மன்றத்தில் ஒரு சொல்

'பாவை' என்னும் சொல்லை விலக்கிய நிறுவனத்தைச் சுங்கவரி மீண்டும் அச்சொல்லின்முன் நிறுத்தியது. அந்நாளில் பாவைக்கு வரி மிகுதி. ஏனைய விளையாட்டுப் பொருளுக்குக் குறைவு. ஜி.ஐ. ஜோ பாவையே என 1989இல் அமெரிக்க மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. 2003இல் 'எக்ஸ்-மென்' உருவங்களைப் பற்றிய வழக்கில், பாவை என்பது மனிதரைக் குறிப்பது. இவை மனிதர் அல்லாதாரின் உருவங்கள். ஆதலின் பாவைகள் அல்ல எனப் பன்னாட்டு வணிக மன்றம் முடிவு கூறியது. அவ்வீரர்கள் தம்மையும் மனிதராக ஏற்குமாறு வேண்டி நிற்பதே அக்கதையின் உயிர்நிலை. வரியை மிச்சப்படுத்துவதற்காக அவர்களின் மனிதத் தன்மை மறுக்கப்பட்டது எனின், சொல்லின் ஆற்றலை நாம் என்னென்பது!

முடிவுரை

முதல் வரிசை சிறுவனுக்கு உடலைத் தந்து கதையை அவனிடமே விட்டது. இரண்டாவது, பிறர் சொன்ன கதையை அவன் கையில் தந்தது. மூன்றாவது, விற்பதற்கெனவே கதை சமைத்தது. இவ்வரிசைமுறையில் கதைசொல்லும் உரிமை சிறிது சிறிதாகச் சிறுவனிடமிருந்து நிறுவனத்திற்குச் சென்றதை நாம் காண்கிறோம். ஆயினும் அது முழுமையாகச் சென்றுவிடவில்லை. ஹீ-மேனைப் பூதமாக்கி, விண்வெளி வீரரையும் ஜோவின் படையையும் ஓரணியில் நிறுத்தி, எந்நிறுவனமும் எழுதாத போரை எத்தனையோ சிறுவர் தரையில் நிகழ்த்தினர்.

இன்று இவ்வுருவங்களைச் சேகரிப்போர், பெட்டி பிரிக்கப்படாத பொம்மைக்கே பெருவிலை தருகின்றனர். எவரும் தொடாததே விலை மிக்கது என்பது சந்தையின் கணக்கு. மூட்டு தளர்ந்து வண்ணம் தேய்ந்த பொம்மையோ ஒரு சிறுவன் சொன்ன கதைகளின் தேய்மானம். பாவை என்றாலும் வீரன் என்றாலும் அதற்கு உயிர் ஊட்டுவது பெயரன்று. பிள்ளையின் கையே எனத் துணியலாம்.