வண்டிக்குள் வெப்பம்

கனடா நாட்டின் வினிப்பெக் நகரில், சனவரித் திங்களில் வெப்பநிலை சுழிக்குக் கீழே 30 டிகிரி சென்டிகிரேடு வரை தாழ்வதுண்டு. அத்தகைய நாளில் மோட்டார் வண்டியின் ஹீட்டர் வெப்பம் தரவில்லையெனில், உள்ளே இருப்போர் நடுங்குவது ஒரு துன்பம். அவர்கள் விடும் மூச்சின் ஈரம் முன்கண்ணாடியில் உறைந்து பாதையை மறைப்பது அதனினும் பெருந்துன்பம்.

பெட்ரோல் வண்டியின் ஹீட்டருக்கெனத் தனியே நெருப்பு மூட்டப்படுவதில்லை. எஞ்சினில் பிறக்கும் வெப்பத்தின் பெரும்பகுதி வீணே கழிவது. அதனை வாங்கிச் செல்லும் பொருட்டு, உறையாமைக்கான மருந்து கலந்த நீர் எஞ்சினைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும். அந்நீரின் ஒரு கிளை முன்பலகைக்குப் பின்னுள்ள சிறு குழாய்த் தொகுதியினுள் புகுந்து மீளும். விசிறி அத்தொகுதியின்மேல் வீச, காற்றுச் சூடேறி உள்ளே வரும். ஆதலின், குறையைத் தேடுவோன் அந்நீர் செல்லும் வழியே தானும் செல்லுதல் வேண்டும்.

காற்றே வரவில்லையாயின் குறை நீரினதன்று. விசிறியையும் அதன் ஃபியூசையும் பார்த்தல் போதும். காற்று வந்தும் அது குளிர்ந்திருப்பின், நீரின் அளவை நோக்குக. எஞ்சின் முற்றும் ஆறிய பின்னரே ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாம். சூடாயிருக்கையில் திறப்பின், அழுத்தத்தால் அடங்கியிருந்த கொதிநீர் முகத்தில் பீறிடும். இவ்வாறு வெந்து புண்பட்டோர் பலர். நீர் குறைந்திருப்பின், குழாய்த் தொகுதியில் காற்றுப் புகுந்து நீரோட்டத்தைத் தடுக்கும். குறைந்த நீரை நிரப்பிவிட்டு அமைதியடைதல் பேதைமை. அது எங்கே போயிற்று? ஒழுக்கைக் காணாது வண்டியை ஓட்டினால், நாளடைவில் எஞ்சினே வெந்து கெடும். வண்டிக்குள் இனிய மணம் வீசி, கால்விரிப்பும் நனைந்திருப்பின், ஒழுகுவது அக்குழாய்த் தொகுதியே. அந்நீர் சுவையில் இனிப்பாயினும் கொடிய நஞ்சு. நாய்களும் பூனைகளும் அதனை நக்கி மடிவதுண்டு.

நீர் நிறைந்திருந்தும் வெப்பமானியின் முள் மேலேறவில்லையா? தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவை ஐயுறலாம். நீர் 80 முதல் 90 டிகிரி வரை சூடேறிய பின்னரே ரேடியேட்டருக்கு வழிவிடுவது அதன் தொழில். அது திறந்தபடியே நின்றுவிடின், நீர் எப்பொழுதும் ஆறிக்கொண்டேயிருக்கும். சிலர் ரேடியேட்டரின் முன் அட்டையைக் கட்டிக் காலங்கழிப்பர். புதுக் கதவின் விலையோ சிறிது.

முள் உரிய இடத்தில் நிற்பின், எஞ்சினை நிறுத்தி, ஹீட்டருக்குச் செல்லும் இரண்டு ரப்பர்க் குழாய்களருகே கையைக் கொண்டுசெல்க. சுடக்கூடுமாதலால் இறுகப் பற்றலாகாது. ஒன்று சூடாகவும் மற்றொன்று குளிர்ந்தும் இருப்பின், பெரும்பாலும் தொகுதி துருவினாலும் கசடினாலும் அடைபட்டிருக்கும். எதிர்த்திசையில் நீர் செலுத்திக் கழுவுவர். இரண்டுமே சூடாயிருப்பின் நீர் தன் கடமையைச் செய்துவிட்டது. முன்பலகைக்குள் சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் தடுப்புப் பலகை அசையாது சிக்கியிருத்தல் கூடும்.